கிருஷ்ணாயில் ஊத்துன தொட்டி

கால்வாயில வெறகுப் படகு ஓடிக்கினு இருந்த காலம். அந்தத் தண்ணியில துணி தோய்க்கலாம், மீன் புடிக்கலாம்னு இருந்த காலம். அப்போ தொட்டிமேடுன்னு ஒரு பேட்டை இருந்துச்சாம். எங்கன்னு கேக்குறீங்களா? நீங்க கொடத்த வச்சிக்கினு குந்தியிருக்கிறீங்களே, இதே எடந்தான். லாரி இப்ப வராது. எட்டி எட்டிப் பாத்தா மட்டும் வந்துருமா? உக்காருங்க. அடியே ரஞ்சனி, டிரம்முக்குள்ள கைய வுடாத! கைப்புடி போட்ட சொம்பு எதுக்குத் தொங்குது, அழகுக்கா?

இந்தக் "கைய வுடாத" இருக்குதே, இத மொதமொதல்ல இங்க கத்துனவ பூங்காவனம்னு ஒருத்தி. எம் மாமியா சொல்லி நான் கேட்டது. கேட்டத அப்டியே சொல்றேன். நடுவுல எவளாச்சும் செல்லு நோண்டுனா நான் எழுந்து போய்க்கினே இருப்பேன்.

அப்போ தொட்டிமேட்டுல குடிசைக்கும் குடிசைக்கும் நடுவுல ஒரு ஆளு நேரா நடக்க முடியாதாம். ஒடம்பத் திருப்பி பக்கவாட்டுலதான் போவணுமாம். ஒரு ஊட்டுல இருமுனா அடுத்த ஊட்டுலருந்து "தண்ணி குடிடா"ன்னு கொரல் வருமாம். கக்கூசுன்னு ஒண்ணு கெடையாது, எல்லாருக்கும் கால்வா கரைதான். குடிக்கிற தண்ணிக்கு பேட்டை நடுவுல ஒரு தொட்டி. செங்கல்லு வச்சிக் கட்டுனது, இடுப்பு ஒசரம். காலையில மாட்டு வண்டியில பீப்பா வச்சித் தண்ணி கொண்டாருவாங்களாம். வண்டிக்காரரு பீப்பா வாயத் தொறந்து தொட்டிக்குள்ள கொட்டிட்டு, "அடிச்சிக்காம எடுங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பாராம். அப்பால யாரு கேக்குறது? கொடம் உள்ள போவும். சட்டி உள்ள போவும். கால்வா கரைக்குப் போய்ட்டு வந்த அதே சொம்பும் உள்ள போவும். அதோட கையும் முட்டி வரைக்கும் உள்ள போவும்.

பூங்காவனத்துக்கு பருப்பு மண்டியில பொடைக்கிற வேல. விடிஞ்சா மொறத்த இடுக்கிக்கினு போவா, பொழுது சாஞ்சா தலையெல்லாம் தூசியோட வருவா. புருசன் நாகப்பன் கட்டவண்டி இழுக்கிறவரு. புள்ளைங்க ரெண்டு. மூத்தவன் எல்லப்பன், எளையவ தேவகி. ஒரு மழைக்காலத்துல பேட்டையில வாந்திபேதி வந்துச்சு. காலையில தெருவுல கோலி ஆடிக்கினு இருந்த எல்லப்பன், வெளக்கு வைக்கிறதுக்குள்ள போய்ட்டானாம். கண்ணு உள்ள போயி, நாக்கு வறண்டு, "தண்ணி, தண்ணி"ன்னு கேட்டுக்கினே போய்ட்டானாம். இவளும் ஓடி ஓடி அந்தத் தொட்டித் தண்ணியத்தான் மொண்டாந்து ஊத்துனா. வேற இன்னா தெரியும் அவளுக்கு?

அதுக்கு அப்பால ஊசி போட ஒரு நர்சம்மா வந்தாங்களாம். பேட்டையே கூடி நின்னுச்சு. அந்தம்மா நிறுத்தி நிதானமா சொன்னாங்களாம்: "இது ஆத்தா கோவம் இல்ல, காத்து கருப்பு இல்ல. சீக்கு வந்தவன் வயித்துலருந்து வர்ற கிருமி கையில ஒட்டிக்குது. கை தொட்டிக்குள்ள போவுது. தொட்டித் தண்ணி எல்லாரு வயித்துக்குள்ளயும் போவுது. காய்ச்சிக் குடிங்க. கைப்புடி வச்ச ஒரே சொம்பால மொள்ளுங்க. கைய உள்ள வுடாதீங்க. பேதி கண்டா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணிய வுடாமக் குடுங்க." இதுல இன்னா புரியல? ஒண்ணாவது புரியாத வார்த்தையா?

எல்லாரும் தலைய ஆட்டுனாங்களாம். "ஆமாம்மா, சரிம்மா, நல்ல வார்த்த சொன்னம்மா"ன்னு அந்தம்மாவுக்குக் கலரு சோடா வாங்கிக் குடுத்தாங்களாம். அவங்க தெரு முனை திரும்பல, ஒருத்தி தொட்டிக்குள்ள முட்டி வரைக்கும் கைய வுட்டா. பூங்காவனம் பாத்துக்கினே நின்னா. இப்பதான காதுல கேட்டா, இப்பதான ஆமாம்மான்னா! பூங்காவனத்துக்கு அழுவுறதா, அடிக்கிறதான்னு தெரியலியாம்.

அன்னிக்கி அவ மனசுக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணாளாம். எல்லப்பன் போய்ட்டான். தேவகியக் குடுக்க மாட்டேன். யாருக்கும் குடுக்க மாட்டேன். அந்த ஆத்தாளே வாசல்ல வந்து நின்னு கேட்டாலும் குடுக்க மாட்டேன்.

அன்னியிலருந்து அவ ஊட்டுல தண்ணி காய்ச்சித்தான். சோறாக்க வெறகு இல்லாத நாள்லயும் தண்ணிக்கு அடுப்பு எரியும். சிரிக்காதவங்க இல்ல. "மகாராணி வெந்நீ காய்ச்சுறாங்கடி, குளிக்கப் போறாங்களா?"ன்னு கேப்பாங்களாம். ஆனா அவ ஊட்டுல மட்டும் காய்ச்சி இன்னா பிரயோஜனம்? தேவகி சின்னக் கொழந்த. நாலு ஊட்டுல வெளையாடும், நாலு ஊட்டுல தண்ணி கேக்கும். பேட்டை முழுக்க மாறுனாத்தான் எம் பொண்ணு பொழைப்பான்னு அவளுக்குத் தெரிஞ்சி போச்சு.

மொதல்ல வாயால சொன்னா. ஊடு ஊடாப் போயி சொன்னா. அவ ஓரகத்தி அங்கம்மா, நாகப்பனோட அண்ணன் பொண்டாட்டி, பக்கத்துக் குடிசை. "அட போடி, எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தத் தண்ணியத்தான் குடிச்சாங்க"ன்னா. "அவங்கல்லாம் இப்ப எங்கக்கா?"ன்னு கேட்டா பூங்காவனம். அங்கம்மா மூஞ்சத் திருப்பிக்கினாளாம்.

அப்பால கையால செஞ்சா. ஒரு தகர டப்பாவுக்கு மூங்கில் புடி போட்டு, புடியில ஓட்ட போட்டு, கயித்துல கோத்து தொட்டி மேல கட்டி வுட்டா. நல்லா இருக்குது, வசதியா இருக்குதுன்னு எல்லாரும் மெச்சிக்கினாங்களாம். மறுநா மண்டிக்குப் போய்ட்டு வந்து பாக்குறா, கயிறு மட்டும் தொங்குது. தேடிக்கினு போனா, கால்வா கரையில ஒருத்தி அந்த டப்பாவால புள்ளைக்கிக் கால் கழுவி வுட்டுக்கினு இருக்கிறா. "கை படாம கழுவ நல்லா தோதா இருக்குதுடி பூங்காவனம், உனக்குப் புண்ணியமாப் போவும்"னாளாம் அவ. சிரிக்காதீங்க. பூங்காவனம் எடத்துல நீங்க இருந்திருந்தா தலையில அடிச்சிக்கினு இருப்பீங்க. அவளும் அடிச்சிக்கினாளாம், அங்கியே, கால்வா கரையில.

அப்பால மண்டிக்குப் போவாம தொட்டிகிட்டயே துடைப்பக்கட்டையோட நின்னா. எவ வந்தாலும் "கைய வுடாத! கைய வுடாத!"ன்னு கத்துவாளாம். பொழுதன்னைக்கும் அதே கத்தல். கொழந்தைங்க அவ பின்னாடி நின்னுக்கினு அதே மாதிரி கத்திக் கேலி பண்ணுமாம். நாகப்பன் வந்து, "உன்ன இங்க யாரு காவலுக்கு வச்சது? கூலி வேணாமா? அடுப்பெரிய வேணாமா?"ன்னாரு. அதுவும் ஞாயந்தான. மறுபடி மண்டிக்குப் போனா. இவ முதுகு திரும்புச்சோ இல்லியோ, அத்தினி கையும் உள்ள.

சர்க்கார் ஆளுங்க வரலியான்னு கேக்குறீங்க. வந்தாங்க, ஏன் வரல? கிருமி சாவுறதுக்குன்னு வெள்ளைப் பவுடர் மூட்டையோட வந்தாங்க. பெரிய ஆபீசரு ஜீப்பு வர்ற ரோட்டுல ரெண்டு பக்கமும் கோலம் போட்ட மாதிரி தூவிக்கினே போனாங்க. "ஐயா, தொட்டியில போடுங்கய்யா"ன்னு கெஞ்சுனா இவ. "நாங்க தெருவுக்குத்தாம்மா. தொட்டி தண்ணி டிப்பார்ட்மெண்ட்டு"ன்னாரு பவுடர்காரரு. தண்ணி வண்டிக்காரரக் கேட்டா, "நான் கொட்டுறவம்மா, கிருமியெல்லாம் சுகாதாரம்"னாரு. இவங்க அவங்களக் காட்ட, அவங்க இவங்களக் காட்ட, நடுவுல கெடந்துச்சு தொட்டி. இப்ப மட்டும் இன்னா மாறிடுச்சு, சொல்லுங்க பாக்கலாம்.

அடுத்த மழைக்காலம் வந்துச்சு. நாகப்பன் படுத்தாரு. ஊட்டுல காய்ச்சுன தண்ணிதான், ஆனா வண்டி இழுக்கிறவரு ஊட்டுத் தண்ணிய மட்டுமா குடிப்பாரு? போற வர்ற எடத்துல கெடச்சதக் குடிச்சாரு. பூங்காவனம் உப்புக் கஞ்சி காய்ச்சி, கரண்டி கரண்டியா ஊத்திப் பாத்தா. ஊடு வந்து சேர்றதுக்குள்ளயே அவருக்குப் பாதி உசுரு போயிருந்துச்சு. ஒரே ராத்திரியில போய்ட்டாரு.

இங்கதான் ஒரு மொறை இருக்குது, கவனிச்சிக் கேளுங்க. சாவு உழுந்த ஊட்டுல பொணம் எடுக்குற வரைக்கும் அடுப்பு பத்த வைக்கக் கூடாது. எங்கியும் உள்ளதுதான். இன்னொண்ணு, தொட்டிமேட்டு மொறை. சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்த ஆம்பளைங்க தீட்டோட ஊட்டுக்குள்ள போவக் கூடாது. நேரா தொட்டிக்கு வந்து, சுத்தி நின்னு, கைய கால அலம்பி, வாய் கொப்பளிச்சி, ஆளுக்கொரு கை தண்ணி தலையில தெளிச்சிக்கினுதான் போவணும். பொணம் தூக்குன கையி. பேதியில செத்த பொணம். நேரா தொட்டிக்குள்ள. சுத்தம் பண்ணிக்கிறாங்களாம்! அத நெனச்சா எனக்கு இப்பவும் பத்திக்கினு வருது.

பூங்காவனம் பொணத்துகிட்ட குந்தி மாரடிச்சி அழுவுறா. பொம்பளைங்க கட்டிப் புடிச்சிக்கினு அழுவுறாங்க. பாடை தூக்கியாச்சு, ஆம்பளைங்க போயாச்சு. அழுது ஓஞ்சி தல நிமுந்து பாக்குறா, தேவகி மூலையில நிக்கிது. கையில பித்தள தம்ளரு. கடேசிச் சொட்டக் கூட அண்ணாந்து குடிக்கிது.

"யாரு குடுத்தது?"

"நாந்தான்டி"ன்னா அங்கம்மா. "கொழந்த நாக்கு வறண்டு அழுதுச்சு. நீ அழுவுறியா, அதப் பாப்பியா?"

"காய்ச்சுனதாக்கா?"

"சாவு ஊட்டுல ஏதுடி அடுப்பு? தொட்டியில மொண்டேன்."

பூங்காவனம் இன்னா சொல்லுவா? திட்டுனா யாரத் திட்டுவா? அங்கம்மா பாசத்துலதான குடுத்தா. மழை பேஞ்சாலும் வெயிலடிச்சாலும், வெறகு இல்லன்னாலும், ஊரே சிரிச்சாலும் காய்ச்சிக் காய்ச்சிக் காப்பாத்துன கொழந்த. ஒரே தம்ளரு.

அப்ப தெருவுல ஆம்பளைங்க வர்ற சத்தம். சுடுகாட்டுலருந்து திரும்பி நேரா தொட்டிக்கு வர்றாங்க. முன்னாடி மாசிலாமணி. அவருதான் அங்கம்மா புருசன், நாகப்பனுக்குக் கூடப் பொறந்த அண்ணன், பேட்டைக்கும் அவருதான் தலைவரு. பூங்காவனம் எழுந்தா. அன்னிக்கிப் புருசன எடுத்தவ தெருவுல வந்து நிக்கக் கூடாது. அவ வந்தா. வாசல்ல காஸ் லைட்டுக்கு வாங்கி வச்ச கிருஷ்ணாயில் டின்னு இருந்துச்சு, முக்கா டின்னு மீந்து இருந்துச்சு. அதத் தூக்கிக்கினு வந்தா.

"மாமா, கைய வுடாதீங்க."

"ஏம்மா, நீ எங்க இங்க வந்த? உள்ள போ."

"வுடாதீங்க மாமா. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன். சொம்புல மொண்டு நானே ஊத்துறேன், தள்ளி நின்னு அலம்பிக்கோங்க. உங்க தம்பி எதுல செத்தாருன்னு தெரியுமில்ல? அவரத் தொட்ட கை மாமா. இந்தத் தண்ணியத்தான எம் பொண்ணு குடிக்கிறா."

"தாலி அறுத்த கையால ஊத்துவியா? எந்த ஊரு மொறை இது? கிருமி கிருமின்னு உனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. இந்தா பாரு"ன்னாரு மாசிலாமணி. எல்லாரும் பாக்க, தொட்டிக்குள்ள ரெண்டு கையும் வுட்டு அலம்புனாரு. அதே தண்ணிய ஒரு கை அள்ளுனாரு. மடக் மடக்குன்னு குடிச்சாரு. "இன்னா ஆயிடுச்சு? செத்தா பூட்டேன்?"

கூட வந்தவங்க சிரிச்சாங்களாம். சாவுக்குப் போய்ட்டு வந்தவங்க சிரிச்சாங்களாம், யோசிச்சிப் பாருங்க. சிரிச்சிக்கினே ஒவ்வொருத்தனும் கைய நீட்டுறான். பூங்காவனம் டின்ன எடுத்தா, கவுத்தா. மொத்த கிருஷ்ணாயிலும் தொட்டிக்குள்ள. தண்ணி மேல அப்டியே பளபளன்னு படந்துச்சாம். தெருவே நாறுச்சாம்.

"இப்ப வுடுங்க. நல்லா வுடுங்க கைய! கண்ணுக்குத் தெரியாத கிருமின்னா நம்ப மாட்டீங்க. இது தெரியுதுல்ல? நாறுதுல்ல? குடிங்க மாமா, இன்னொரு கை அள்ளிக் குடிங்க!"

மாசிலாமணி வுட்டாரு ஒரு அறை. சுருண்டு உழுந்தா. பொம்பளைங்க ஓடியாந்து வாயில வந்தபடி ஏசுனாங்க. "புருசன எரிச்ச நெருப்பு ஆறல, ஊருத் தண்ணியக் கெடுத்தா பாரு! பைத்தியம் புடிச்சவளே, எம் புள்ளைக்கி நாளைக்கி வரைக்கும் எந்தத் தண்ணியடி ஊத்துவேன்?"ன்னு மண்ண வாரித் தூத்துனாங்களாம். அவ எழுந்து வந்து தொட்டிய ஒட்டிக் குந்திக்கினா.

சாயங்காலம் தேவகி வாந்தி எடுத்துச்சு. அப்பால பேதி. பூங்காவனம் பானைய எட்டிப் பாத்தா, சொட்டுத் தண்ணி இல்ல. தொட்டியில கிருஷ்ணாயில். ஊத்துனது யாரு? அவதான். கொழந்தைய மடியில போட்டுக்கினு, எல்லப்பன் போன மாதிரியே இதுவும் போவப் போவுது, இந்தத் தடவ நானே வழி பண்ணிட்டேன்னு குந்திக்கினு இருந்தாளாம்.

அப்ப படல் தொறந்துச்சு. அங்கம்மா. கையில ஒரு சட்டி, மூடி போட்டு, துணி சுத்தி.

"காலையில புடிச்சி வச்ச கொடம் ஒண்ணு இருந்துச்சுடி. கொதிக்க வச்சேன். தளதளன்னு கொதிக்க வுட்டு, அரிசி போட்டு, உப்புப் போட்டேன். சட்டியத் தொட்டுப் பாரு, கை வைக்க முடியல. நான் குடுத்ததுதான்டி. நானே மாத்துக் குடுக்கிறேன்." சொல்லிட்டு அவளும் அழுதா, இவளும் அழுதா. அழுதுக்கினே ஆளுக்கொரு கரண்டியா ஊத்துனாங்க. வாந்தி எடுக்கும், மறுபடி ஊத்துவாங்க. எடுக்கும், ஊத்துவாங்க.

அங்கம்மாவுக்கு ரெண்டு ஊடு. இங்க தேவகி, அங்க புருசன். மாசிலாமணியும் படுத்துட்டாரு. அதே கஞ்சிய அவருகிட்ட நீட்டுனா, "யாரு, அவ சொன்ன கஞ்சியா? எட்த்துக்கினு போ"ன்னாராம். கெஞ்சுனா, கால்ல உழுந்தா. "நான் தலைவருடி, அவ பேச்சக் கேட்டேன்னு ஊரு சொல்லணுமா?"ன்னாராம். ஊரு! ஊரு இன்னா சொல்லும்னு பாத்துப் பாத்தே வறண்டு போனாரு. தேவகி கண்ணத் தொறந்து "அம்மா, பசிக்கிது"ன்ன அதே காலையில அவரு மூச்சு நின்னுச்சு. போறதுக்கு முன்னாடி பொண்டாட்டியக் கூப்புட்டு, "நான் போனா, சுடுகாட்டுலருந்து வர்றவங்களுக்கு பூங்காவனத்தையே தண்ணி ஊத்தச் சொல்லு. ஒருத்தனும் கைய வுடக் கூடாது"ன்னாராம். நாக்கு குழறிப் போன கொரல்ல.

சுடுகாட்டுலருந்து ஆம்பளைங்க திரும்புனாங்க. தெரு முனையில பூங்காவனம் நிக்கிறா. வீங்குன கன்னம், வெறும் நெத்தி. பக்கத்துல அடுப்பு, அடுப்பு மேல வெந்நீத் தவல, கையில கைப்புடி வச்ச சொம்பு. யாரும் சிரிக்கல. ஒவ்வொருத்தனா வந்து கைய நீட்டுனான். அவ ஊத்துனா. ஊத்திக்கினே கேட்டாளாம்:

"ஒரு வார்த்த காதுல ஏற எத்தினி உசுருய்யா வேணும் உங்களுக்கு? எம் புள்ள போனான், ஏறல. எம் புருசன் போனாரு, ஏறல. தலைவரு போனாத்தான் ஏறுமா? நல்லா தேச்சிக் கழுவு. இடுக்குல தேயி."

ஒவ்வொருத்தனும் இடுக்கு இடுக்கா தேச்சிக் கழுவுனானாம்.

கிருஷ்ணாயில் நாத்தம் அந்தத் தொட்டிய வுட்டுப் போவவே இல்லியாம். தேச்சாங்க, சுண்ணாம்பு அடிச்சாங்க, போவல. வண்டிக்காரரு மொணவிக்கினே பீப்பாவுலருந்து நேரா ஒவ்வொரு கொடமா ரொப்புனாரு. வரிசை வந்துச்சு. கை போவ எடமில்லாமப் போச்சு. அந்த வருசம் அதுக்கு மேல பேட்டையில வாந்திபேதியில சாவு இல்லன்னு சொல்லுவாங்க.

அன்னியிலருந்து இன்னிக்கி வரைக்கும் தொட்டிமேட்டுல சாவு உழுந்தா, ஊட்டு அடுப்பு அணைஞ்சிருந்தாலும் தெருவுல தண்ணிக்கின்னு ஒரு அடுப்பு எரியும். சாவு ஊட்டுப் பொம்பள, அவ தாலி அறுத்தவளாவே இருக்கட்டும், தெரு முனையில நின்னு வெந்நீ ஊத்துவா. வேற பேட்டைக்காரங்க பாத்தா "இன்னாடா மொறை இது"ன்னு கேப்பாங்க. இதான் மொறை. எங்களுக்கு இதான் மொறை.

அந்தா, பால்வாடிகிட்ட மண்ணு ரொப்பி வேப்பமரம் நிக்கிதே, அதான் அந்தத் தொட்டி. வெள்ளிக்கெழமயானா மஞ்சத்தண்ணி ஊத்தி, வளையல் கட்டி, கற்பூரம் ஏத்துறீங்க. தொட்டியம்மன்னு பேரு வேற! அவ கேட்டது வளையலா? மஞ்சளா? கைய வுடாதன்னா, காய்ச்சிக் குடின்னா. அது மட்டும் முடியாது உங்களால. போன மாசம் கொழாயில சாக்கடை கலந்து மஞ்சளாத் தண்ணி வந்துச்சே, எத்தினி பேரு காய்ச்சுனீங்க? எத்தினி பேரு ஆபீசுல போயிக் கேட்டீங்க? கற்பூரம் மட்டும் ஏத்தியாச்சு.

எம் மாமியா பேரு தேவகி. ஆமா, அதே தேவகிதான். புள்ள பெத்து, பேரன் எடுத்து, கெழவியாகித்தான் போனாங்க. அந்தத் தொட்டியத் தாண்டிப் போவும்போது ஒரு நாளும் கன்னத்துல போட்டுக்க மாட்டாங்க. "எங்கம்மா சாமி இல்லடி. கத்திக் கத்தித் தொண்ட போன பொம்பள. சாமியாக்கிட்டா அவ சொன்னதச் செய்ய வேணாம் பாரு, அதான் கும்புடுறாளுங்க"ம்பாங்க.

ஆரன் சத்தம் கேக்குதா? லாரி வந்துடுச்சு. இடிக்காதீங்க, வரிசையில வாங்க. ரஞ்சனி, சொம்ப எடுடி. அடியே, சொம்பு! இவ்ளோ நேரம் யாருக்குச் சொன்னேன்? கைய வுடாத!